கௌரியின் பிறப்புப் பத்திரம்

சிவமயம்

இணுவில்,
11.09.1983

அன்புள்ள தங்கச்சி சந்திராவுக்கு,

நானும் கௌரியும் சுகம். இந்தக் காலத்தில் அதை எழுதும்போதே கை கூசுகிறது. நீயும் அந்தக் குளிருக்குள் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆடிக் கலவரத்துக்குப் பிறகு உன் அத்தான் கொழும்பிலிருந்து அகதிக் கப்பலில் வந்து சேர்ந்தார். உடுத்திருந்த சாரமும் சேட்டும்தான் மிச்சம். வெள்ளவத்தை அறையில் இருந்த பெட்டி, கட்டில், இருபத்தெட்டு வருட உத்தியோகக் கடுதாசிகள் எல்லாம் எரிந்துவிட்டன. ஆள் இப்போது கதைப்பது குறைவு. கிணற்றடியில் போய் இருக்கிறார்.

கௌரிக்குப் பதினைந்து முடிந்துவிட்டது. போன கிழமை தன் கூந்தலைத் தானே கத்தரித்துக்கொண்டு வந்து நின்றாள். எதைக் கேட்டாலும், "உங்களுக்கு விளங்காதம்மா" என்கிறாள். நீ இந்த வயதுப் பிள்ளைகளைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவள். பேப்பரில் உன் படம் வந்ததை இங்கே எல்லோரும் பார்த்தார்கள். நான் என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

இன்னுமொன்று. அடுத்த வருடம் அவள் அரசாங்கத்தின் ஓ.எல். சோதனை எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிறப்புப் பத்திரம் கேட்கிறார்கள். அது ஹம்பேர்க்கில் உன்னிடம் இருக்கிறது. அதில் தாய் என்ற இடத்தில் உன் பெயர் இருப்பது நம் மூன்று பேருக்குத்தான் தெரியும். நான் அவளிடம், "அது அப்பாவின்ரை பெட்டியோடை கொழும்பில எரிஞ்சு போச்சு பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். ஊர் எரிந்த நெருப்பில் நானும் ஒரு பொய்யைச் சுட்டு எடுத்தேன். அதற்குப் பதிலாக உத்தேச வயதுப் பத்திரம் எடுக்கலாமாம். அதில் தாய் என்று என் பெயரை எழுதுவேன். உனக்குச் சம்மதம்தானே?

இப்படிக்கு,
அக்கா கனகவல்லி


ஹம்பேர்க்,
20.11.1983

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஐந்து கிழமையாகிறது. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அத்தான் நித்திரை கொள்கிறாரா? எனக்கு முழங்கால் நோவைத் தவிர வேறு குறையில்லை.

கௌரியைப் பற்றிப் பயப்படாதீர்கள். நான் இங்கு வந்த புதிதில், பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று மனம் உடைந்து வந்தால் குழந்தைகள் வாட்டில் பொம்மைகளுக்கு நடுவே படுக்க வைப்பார்கள். இல்லையென்றால் பெரியவர்களோடு பூட்டி வைப்பார்கள். எனக்கு உளப்பகுப்பாய்வு சொல்லித் தந்த மூத்தவர்கள்கூட, "வயதுக் கோளாறு, தானாகப் போய்விடும்" என்றார்கள். அது போகிற கோளாறு அல்ல, அதற்கென்று தனி வைத்தியமும் தனி ஆட்களும் வேண்டும் என்று இங்கே முதலில் எழுதியவள் நான். அல்டோனாவில் அந்தப் பிள்ளைகளுக்கென்று ஓர் இல்லம் திறந்து பதின்மூன்று வருடமாகிறது. அறுநூறு பிள்ளைகளுக்குமேல் என் முன்னால் இருந்து எழும்பிப் போயிருக்கிறார்கள்.

கூந்தலை வெட்டட்டும். ஏசட்டும். இந்த வயதில் கோபப்படுகிற பிள்ளை நல்ல பிள்ளை. உங்கள் மேல் நம்பிக்கை இருப்பதால்தான் கோபப்படுகிறாள்.

உத்தேச வயதுப் பத்திரத்தில் உங்கள் பெயரையே எழுதுங்கள். உண்மையை இப்போது சொல்ல வேண்டாம். சோதனை முடியட்டும்.

அன்புடன்,
சந்திரா

பி.கு: அவள் இப்போது எவ்வளவு உயரம்?


சிவமயம்

இணுவில்,
04.03.1984

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ நோய் நொடியின்றி இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். உன் அத்தானுக்கு நெஞ்சு நோ. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன். கௌரி என்னைவிட நான்கு விரல் உயரம்.

அவளுடைய வகுப்பில் முப்பத்திரண்டு பேர். பொங்கலுக்குப் பிறகு இருபத்தாறு. அந்த ஆறு பேரும் எங்கே என்று வாத்திமாரும் கேட்பதில்லை. போன வியாழன் அவளுடைய சிநேகிதி கொறற்றியும் ஆயுதம் தூக்க இயக்கத்துக்குப் போய்விட்டாள். அந்தத் தாய் எங்கள் வீட்டுக்கு வந்து கௌரியின் கையைப் பிடித்து, "உனக்குத் தெரியும், சொல்லு பிள்ளை" என்று கெஞ்சினாள். கௌரி கையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அவளுக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுக்கிறேன்.

நீ எட்டு மாதக் குழந்தையை என் மடியில் வைத்தபோது நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "தாய் எண்டு உரிமை கொண்டாடிக்கொண்டு பிறகு வரக்கூடாது. சம்மதமெண்டால் விட்டிட்டுப் போ" என்றேன். கலியாணம் முடித்துப் பத்து வருடமாகப் பிள்ளையில்லாதவள் வேறு எப்படிக் கேட்பாள்? அந்தச் சொல்லை இன்று நானே திருப்பி எடுக்கிறேன். அவளைக் கூப்பிடு, சந்திரா. தாயென்று சொல்லியாவது கூப்பிடு. எனக்குப் பிள்ளை உயிரோடு வேண்டும்.

உன் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அக்கா


ஹம்பேர்க்,
19.08.1984

அன்பின் அக்காவுக்கு,

ஐந்து மாதமாக எழுதவில்லை. என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருக்கிறது. அத்தானின் நெஞ்சு நோ எப்படி? மருந்து ஏதும் தேவையென்றால் பெயரை எழுதுங்கள், அனுப்புகிறேன்.

சித்திரையில் வியன்னாவில் மாநாடு. பிறகு புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு. பிறகு இல்லத்தில் ஒரு பையன் மாடியிலிருந்து குதித்துவிட்டான். பிழைத்துக்கொண்டான், ஆனால் மூன்று மாதம் அவனுக்கே போய்விட்டது.

கௌரியைக் கூப்பிடுவது நீங்கள் நினைக்கிற மாதிரி எளிதல்ல. எத்தனையோ அலுவலகங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் அன்ராக் என்று விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம். அதோடு ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். எனக்கு ஒரு மகள் இருப்பது இங்கே ஒருவருக்கும் தெரியாது. பிள்ளைகளை எப்படி வளர்க்க வேண்டும் என்று தாய்மாருக்குப் புத்தி சொல்கிறவள் நான். தன் பிள்ளையை எட்டாம் மாதத்தில் கடல் கடந்து விட்டுவிட்டு வந்தவள் என்று தெரிந்தால், நாளைக்கு எந்தத் தாய் என் முன்னால் வந்து இருப்பாள்? நான் யாரென்று சொல்லி அவளை இந்த வீட்டுக்குள் கூட்டி வருவது? கொஞ்சம் யோசிக்க விடுங்கள். சோதனை முடியட்டும். அடுத்த கோடையில் பார்ப்போம்.

அன்புடன்,
சந்திரா


சிவமயம்

இணுவில்,
06.01.1985

தங்கச்சிக்கு,

நீ சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் அத்தான் மார்கழி மூன்றாம் திகதி காலமானார். தந்தி கொடுக்க வழியில்லை. ஊரடங்கு. எட்டுப் பேர்தான் சுடலைக்குப் போனார்கள்.

கௌரி செத்த வீட்டோடு சோதனையும் எழுதினாள். இப்போது வலு அமைதி. சொன்னதைச் செய்கிறாள். கூந்தலை எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டுகிறாள். என்னோடு சண்டையே இல்லை. நேற்று, "அம்மா, உங்களுக்குக் கால் நோகுதே, பிடிச்சு விடட்டே?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டு இரத்தினத்தார், "பிள்ளைக்குப் பொறுப்பு வந்திட்டுது அக்கா" என்று சொல்கிறார். அப்படித்தானா?

உன் ஆவணிக் கடிதம் கிடைத்தது. அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

அக்கா


ஹம்பேர்க்,
02.02.1985

என் அக்காவுக்கு,

அத்தான் போன செய்தியை நின்றபடியே வாசித்தேன். விமான நிலையத்தில் என் பெட்டியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்த மனிதர். எனக்கு அழக்கூட உரிமை உண்டா தெரியவில்லை. நீங்கள் சாப்பிடுகிறீர்களா?

அக்கா, கௌரி அடங்கியிருப்பது நல்லதில்லை. இத்தனை வருடத்தில் நான் பயந்த பிள்ளைகளெல்லாம் இப்படித் திடீரென்று பணிவானவர்கள்தான். அவர்கள் மனதுக்குள் எதையோ முடிவு செய்துவிட்டார்கள் என்று பொருள். அவளை ஒரு நாளும் தனியே விடாதீர்கள்.

போன கடிதத்தில் நான் பொய் எழுதினேன். எளிதல்ல என்றேன். எளிது. கௌரி பிறப்பதற்கு முந்தின வருடமே நான் ஜெர்மன் குடியுரிமை எடுத்திருந்தேன். பிறந்த நாளிலிருந்தே அவள் இந்த நாட்டுப் பிரஜை. அந்தப் பத்திரத்தைக் கொண்டு போய்க் காட்டினால் பாஸ்போட் தருவார்கள். நேற்றுப் போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண், "இத்தனை வருடம் ஏன் வரவில்லை?" என்றாள். படிவங்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சித்திரை மாதம் லீவு எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். அவளிடம் நானே சொல்கிறேன். அதுவரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
சந்திரா


சிவமயம்

இணுவில்,
26.05.1985

தங்கச்சிக்கு,

நான் இருக்கிறேன். நீயும் இருப்பாய்.

உன் மாசிக் கடிதம் மே ஒன்பதாம் திகதிதான் என் கைக்கு வந்தது. சித்திரையில் நீ வரவில்லை. பாதை பூட்டியிருந்ததென்றும் கொழும்போடு திரும்பினாய் என்றும் பின்னால் தெரியவந்தது. வந்திருந்தாலும் பயனில்லை. கௌரி ஏப்ரல் பதினேழாம் திகதி இரத்தினம் குடும்பத்தோடு போய்விட்டாள். மொஸ்கோ, பிறகு கிழக்கு பேர்லின், பிறகு ரயிலில் மேற்கே. இப்போது ஹம் என்ற ஊரில், அகதிகளை வைத்திருக்கிற ஹைம் ஒன்றில் ஓர் அறைக்கு ஆறு பேராக இருக்கிறார்கள்.

நான்தான் அவளைப் போகச் சொன்னேன். இரத்தினத்தார் கேட்டபோது இரண்டாம் முறை யோசிக்கவில்லை. புறப்படுகிற அன்று காலையில் தலை இழுத்துவிடும்போது, "ஹம்பேர்க்கில சின்னம்மா இருக்கிறா, போய்ப் பார் பிள்ளை" என்றேன். சீப்பை வாங்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தப் பத்திரம் எரியேல்லை எண்டு எனக்கு ஒக்டோபரிலயே தெரியும்மா. அலுமாரியில இருந்த அவவின்ரை கடிதங்களை வாசிச்சிட்டன்."

நான் அலுமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"ஆர் கேட்டாலும் நான் உங்கடை மகள்தான். நான் அவவிட்டைப் போறேல்லை. அவவுக்கு என்னை யாரெண்டு சொல்லுறதெண்டு தெரியாதாம். நான் ஏன் அந்தக் கரைச்சலைக் குடுப்பான்?"

முகவரியை உனக்குக் கொடுக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். கீழே எழுதியிருக்கிறேன். சத்தியத்தை முறித்த பாவம் என்னோடு போகட்டும்.

கனகவல்லி


ஹம்பேர்க்,
16.06.1985

அன்புள்ள கௌரிக்கு,

அந்த ஹைமில் உனக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? குளிருக்கு உடுப்பு இருக்கிறதா? இந்தக் கேள்விகளைக் கேட்க எனக்கு என்ன தகுதி என்று நீ நினைப்பாய். சரிதான்.

நான் உன்னை விட்டது வறுமையால் அல்ல. உன் தகப்பன் வாசுதேவன் சென்னையிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தவர். ஊரில் மனைவி இருந்ததை நீ வயிற்றில் இருக்கும்போதுதான் சொன்னார். எனக்கு அது பயிற்சியின் கடைசி வருடம். கலியாணமாகாத கறுப்புப் பெண், கையில் குழந்தை, இவளிடம் யார் தங்கள் பிள்ளைகளை அனுப்புவார்கள் என்று பயந்தேன். ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை. நானே எடுத்த முடிவு. ஒரு வருடம் என்றுதான் நினைத்தேன். பிறகு அக்கா எழுதிய கடிதங்களில் நீ அவரை அம்மா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாய். அதைச் சாட்டாக வைத்துக்கொண்டேன்.

போன செவ்வாய் ஹம்முக்கு வந்தேன். ஹைம் வாசலுக்கு எதிரே பஸ் தரிப்பில் இருந்தேன். நீ ஒரு சின்னப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாய். நான் எழும்பவில்லை.

நீ அகதியாக இருக்கத் தேவையில்லை. உன் பிறப்புப் பத்திரம் என்னிடம் இருக்கிறது. ஒரு சொல் எழுது. இரண்டு பேரும் போவோம், இந்த நாட்டுப் பாஸ்போட் எடுக்கலாம். என்னோடு இருக்கத் தேவையில்லை.

சந்திரா


ஹம்,
30.10.1985

மதிப்புக்குரிய டொக்டர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சுகமாயிருக்கிறேன். தாங்களும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நான்கு மாதம் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். வாரத்தில் இரண்டு நாள் டொச் மொழி வகுப்பு.

தங்களைப் பஸ் தரிப்பில் கண்டேன். பேப்பரில் வந்த படம் அம்மாவிடம் இருக்கிறது, அதனால் முகம் தெரியும். எழும்பி வருவீர்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு பஸ் போனது. பிறகு இரத்தினம் மாமாவின் பிள்ளை அழுதான், நான் உள்ளே போய்விட்டேன்.

பத்திரம் வேண்டாம். என் அகதி விண்ணப்பத்தில் தாயின் பெயர் சோதிலிங்கம் கனகவல்லி என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன். விசாரணையிலும் அதையே சொன்னேன். தங்கள் பத்திரத்தைக் காட்டினால் அது பொய்யாகிவிடும். பொய் சொன்னவள் என்று பெயர் வந்தாலும் பரவாயில்லை, அம்மாவின் பெயரை நானே வெட்ட என்னால் ஏலாது.

தங்கள் புத்தகம் இங்குள்ள நூலகத்தில் இருக்கிறது. அகராதி வைத்துக்கொண்டு நாற்பது பக்கம் வாசித்தேன். நன்றாக இருக்கிறது.

தயவுசெய்து பார்க்க வர வேண்டாம்.

இப்படிக்கு,
சோ. சிவகௌரி


ஹம்,
21.11.1987

டொக்டர் அவர்களுக்கு,

சுகம் விசாரித்து எழுத நேரமில்லை, மன்னிக்கவும்.

ஐப்பசிச் சண்டையில் எங்கள் வளவில் ஷெல் விழுந்து அம்மாவின் வலது காலில் காயம். ஊரில் எனக்குப் படிப்பித்த மரியரட்ணம் ரீச்சர் ஆள் மூலம் கடிதம் கொடுத்துவிட்டிருக்கிறா. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாமாம். பக்கத்தில் ஒருவரும் இல்லை. என்னிடம் இருக்கிற அகதிக் கடுதாசியோடு நான் இந்த மாவட்ட எல்லையையே தாண்டக் கூடாது. போனால் திரும்பி வரவும் ஏலாது.

அந்தப் பத்திரத்தை அனுப்புங்கோ. கெதியா.

கௌரி


சிவமயம்

ஹம்,
12.03.1989

அன்புள்ள தங்கச்சி சந்திராவுக்கு,

இந்தத் தேசத்திலிருந்தே உனக்குக் கடிதம் எழுதுகிறேன். மூன்று மணி நேர ரயில் தூரமாம். நான் பொய்க்கால் போட்டு வீட்டுக்குள் நடக்கிறேன். உன் முழங்கால் நோ எப்படி?

நீ பத்திரத்தை மூன்றாம் நாளே அனுப்பியதையும், பிறகு எனக்கு வைத்திய விசாவுக்கு உத்தரவாதம் கேட்டபோது மறு தபாலில் கையெழுத்திட்டு அனுப்பியதையும் கௌரி சொன்னாள். நன்றி சொல்லி உன்னைப் பிறத்தியாளாக்க மாட்டேன்.

ஒரு விஷயம் அவள் உனக்கு எழுதியிருக்க மாட்டாள். புதுப் பாஸ்போட்டோடு கொழும்புக்கு வந்து, தூதரகத்தில், "இவ என்ரை அம்மா, கூட்டிக்கொண்டு போகவேணும்" என்று கேட்டாள். கவுண்டரில் இருந்தவர் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, இவர் உங்கள் தாயல்ல என்று சொல்லிவிட்டார். அவள் அங்கே அழவில்லை. வெளியே வந்து என் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும்போது, "அவையின்ரை கணக்கில நீங்கள் எனக்குப் பெரியம்மாவாம்" என்றாள். பின்னால் நின்றதால் முகத்தை நான் பார்க்கவில்லை. அதன் பிறகுதான் உன்னிடம் கையெழுத்துக் கேட்டு எழுதினாள்.

இப்போது முதியோர் இல்லம் ஒன்றில் தாதி வேலைக்கு அவுஸ்பில்டுங் படிக்கிறாள். மூன்று வருடப் பயிற்சி. ஞாயிறுகளில் வேலை, சனி லீவு. வந்து ஏழு மாதமாக நான் உன் பேச்சை எடுக்கவில்லை. ஒரு காலத்தில் உன்னை வரக் கூடாது என்று சொன்னவளே நான்தான். எந்த வாயால் கேட்பது? போன கிழமை அவளாகவே சொன்னாள்.

"அவ உங்களைப் பாக்க வாறதெண்டால் ஒரு ஞாயிறு வரட்டும். நான் வீட்டில நிக்கமாட்டன்."

அவளிடமிருந்து இது பெரிய சொல். வருகிற ஞாயிறு வா. இருபது வருடத்துக்கு மேலாகிறது உன்னைக் கண்டு.

அக்கா


ஹம்பேர்க்,
14.03.1989

என் அக்காவுக்கு,

உங்கள் எழுத்தில் ஜெர்மன் முத்திரை ஒட்டி வந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். காலில் புண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொய்க்கால் உரசுகிற இடத்தைத் தினமும் கௌரியிடம் காட்டுங்கள்.

மாசி மாதத்தோடு இல்லத்திலிருந்து விலகிவிட்டேன். பிரியாவிடையில் எல்லோரும் எழும்பி என் சேவையைப் பற்றிப் பேசினார்கள். எவ்வளவோ பிள்ளைகளுக்குத் தாய் என்று ஒருவர் சொன்னார். என் முறை வந்தபோது, "எனக்கு இருபத்தொரு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளை நான் வளர்க்கவில்லை" என்றேன். பிறகு யாரோ வந்து கைகொடுத்து வாழ்த்துச் சொன்னார். வாழ்த்த அதில் என்ன இருக்கிறது அக்கா? நான் பயந்த ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாள் இரண்டு தாய்மார் தொலைபேசியில் கூப்பிட்டு, தங்கள் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்ப்பேனா என்று கேட்டார்கள். இதற்காகவா இத்தனை வருடம் என்று இரவிலும் பகலிலும் அதையே நினைக்கிறேன்.

ஞாயிறு நான் வரமாட்டேன். உங்களைப் பார்க்க ஆசையில்லாமல் அல்ல. அவள் இல்லாத நேரம் பார்த்து அவளுடைய வீட்டுக்குள் வந்து போனால், நான் இதுவரை செய்ததையே இன்னொரு முறை செய்தவளாவேன்.

சனிக்கிழமை வருகிறேன். பதினொன்றரைக்கு ஹம்முக்கு வரும் ரயில். இதை அவளிடம் ஒளிக்க வேண்டாம். இந்தக் கடிதத்தையே கொடுங்கள், வாசிக்கட்டும். வெளியே போவதென்றால் போகட்டும். நின்று ஏசுவதென்றால் ஏசட்டும். உள்ளே விட விருப்பமில்லை என்றால் நான் படிக்கட்டில் இருப்பேன். எனக்குத் திரும்ப ரயில் எட்டு மணிக்குத்தான்.

ஹம்பேர்க் ஸ்டேசனுக்குப் பக்கத்தில் நம்முடைய சாமான் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. முருங்கைக்காய், கருவாடு, பனங்கட்டி எல்லாம் வருகிறது. இன்று உங்கள் கடிதம் கிடைத்த கையோடு போய் நின்றேன். கூடையைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் எடுக்காமல் திரும்பிவிட்டேன். கடைக்காரப் பெண், "என்ன அக்கா தேடுறியள்?" என்று கேட்டாள்.

கௌரி என்ன விரும்பிச் சாப்பிடுவாள் என்று எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை கிடைக்கிற மாதிரி ஒரு போஸ்ட்காட்டில் எழுதிப் போடுங்கோ.

உங்கள் தங்கை,
சந்திரா